அவர் இருக்கும் கப்பலும் அவர்கள் போன கப்பலும்

ஆடி மழை விடாமல் பெய்த ஒரு நாள், தலைச்சோலையிலிருந்து ஓர் அம்மா பஸ் ஏறி என் கடைக்கு வந்தார். ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்கிற இடத்தில் நான் காப்பித்தூளும் மிளகும் தைலமும் விற்கிற சின்னக் கடை வைத்திருக்கிறேன். அந்த அம்மாவின் கணவர் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டைச் சுற்றி நிற்கும் கொஞ்சம் செடிகளில் வருகிற கொட்டையை வருஷா வருஷம் எனக்குத்தான் கொடுப்பார்கள். அது காப்பிப் பருவம் இல்லை. அதனால் எதற்கு வந்திருக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. குடையை மடக்கி வாசலில் சாய்த்துவிட்டு, கடையில் வேறு யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டுதான் பேச ஆரம்பித்தார்.

“ஏங் கண்ணு, உங்க ஊட்டுக்காரரு கப்பல்லதான வேல பாக்கறாரு?”

“ஆமாங்கம்மா.”

“சரக்குக் கப்பல் இல்லயே? சனங்க போற கப்பல்தான?”

“சனங்க போறதுதானுங்க. இத்தாலிப் பக்கம் ஓடுது.”

நல்லதாகப் போயிற்று என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவருடைய ஒரே மகள் ஜெர்மனியில் நர்ஸாக இருக்கிறாள். அங்கேயே ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். கல்யாணத்துக்கு இவர்களால் போக முடியவில்லை. மாப்பிள்ளை ஒரு முறை ஏற்காட்டுக்கு வந்து இரண்டு வாரம் இருந்துவிட்டுப் போனார். ஆனால் சம்பந்தி வீட்டார் முகத்தை இவர்கள் இதுவரை போனில் மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள். மாப்பிள்ளையின் அப்பா பக்கவாதம் வந்து சக்கர நாற்காலியில் இருக்கிறார். அவரால் இவ்வளவு தூரம் விமானத்தில் வர முடியாது. அதனால் மகள் ஒரு ஏற்பாடு செய்திருந்தாள். இரண்டு வீட்டாரும் ஒரு வாரம் ஒரே கப்பலில் போவது.

“உக்காந்த எடத்துக்கே ஊரு வரும்னு சொல்றா கண்ணு. இவரு நொம்பச் சந்தோஷமா இருக்காரு. எனக்குத்தான் பயமா இருக்குது. கப்பலப் பத்திப் பயமில்ல. அங்க போயி எதுனா ஏறுக்கு மாறா பண்ணி, பொண்ணுக்குத் தலகுனிவு ஆயிருமோன்னுதான்.”

பிறகு பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். கிழித்த காலண்டர் தாள். அதன் பின்பக்கம் நெருக்கமாக எழுதியிருந்தது. எல்லாம் கேள்விகள். சேலை கட்டிக்கொண்டு சாப்பிடப் போகலாமா. கையால் சாப்பிட்டால் பார்ப்பார்களா. அறையைச் சுத்தம் செய்ய ஆள் வரும்போது உள்ளே இருக்க வேண்டுமா, வெளியே போய்விட வேண்டுமா. மைக்கில் ஏதோ சொல்வார்களாமே, அது புரியாவிட்டால் என்ன ஆகும். கடைசியில் ஒன்றை எழுதி, அடித்து, மறுபடியும் எழுதியிருந்தார்: சம்பந்தியம்மாவைப் பார்த்ததும் முதலில் என்ன சொல்வது.

“மககிட்டக் கேளுங்களேம்மா” என்றேன்.

“அவகிட்டக் கேட்டா சிரிப்பா. உங்க ஊட்டுக்காரருகிட்ட நீ கொஞ்சம் கேட்டுச் சொல்லு சாமி.”

சரி என்று தாளை வாங்கிக் கல்லாவில் வைத்துக்கொண்டேன். எனக்கு அது அவ்வளவு இஷ்டமாக இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் கணவர் வருஷத்தில் எட்டு ஒன்பது மாதம் கப்பலில் இருப்பார். அவர் மதிய வேலை முடித்து ஓய்வெடுக்கிற நேரம் எனக்குச் சாயங்காலம் ஆறு மணி. வாரத்தில் மூன்று நாள், கிடைத்தால் பத்து நிமிஷம் பேசுவோம். அந்தப் பத்து நிமிஷத்தில் இன்னொருவர் வீட்டுக் கேள்விகளுக்கு இடம் கொடுப்பதா என்று இருந்தது.

ஆனால் நாங்கள் அந்தப் பத்து நிமிஷத்தில் என்னதான் பேசிக்கொண்டிருந்தோம்? சாப்ட்டீங்களா, சாப்ட்டேன். பாப்பா படிக்குதா, படிக்குது. அங்க மழையா, மழைதான். அப்புறம் இருவரும் கொஞ்ச நேரம் சும்மா இருப்போம். அவர் பக்கம் யாரோ வண்டி தள்ளிக்கொண்டு போகிற சத்தம் கேட்கும். என் பக்கம் பஸ் திரும்புகிற சத்தம் அவருக்குக் கேட்கும். ஏரிப் பக்கமிருந்து மூட்டம் ஏறி வந்து எதிர்க் கடை பாதி மறைந்திருக்கும். வெச்சிரட்டுமா என்பார். சரிங்க என்பேன். வைத்த பிறகுதான் கேட்க வேண்டியது ஒவ்வொன்றாக ஞாபகம் வரும்.

அன்றைக்குத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு முதல் கேள்வியைப் படித்தேன். அவர் சிரித்தார். அப்படிச் சிரித்து நான் கேட்டு நாளாகியிருந்தது.

“சேல கட்டிட்டுத் தாராளமாப் போலாம் அம்மிணி. ஒரு நா ராத்திரி எல்லாரும் நல்ல துணியா உடுத்திட்டு வருவாங்க. அன்னைக்குப் பட்டுச்சேல கட்டச் சொல்லு. கப்பலே திரும்பிப் பாக்கும். நீச்சல் துணியோட மட்டும் சாப்பிட வரக்கூடாது. அந்தம்மா அப்படி வரமாட்டாங்கள்ல?”

நானும் சிரித்துவிட்டேன். பிறகு அவர் நிறுத்தவே இல்லை. மைக்கில் சொல்வதைப் பற்றிச் சொன்னார். அந்தப் பக்கத்துக் கப்பல்களில் ஒரே விஷயத்தை ஐந்து பாஷையில் சொல்வார்களாம். இத்தாலி, இங்கிலீஷ், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ். தன் பாஷை வரும்வரை ஒவ்வொருவரும் மேலே பார்த்துக்கொண்டு நிற்பார்களாம், ஏதோ மேலேயிருந்து விழப் போகிற மாதிரி. புரியவில்லை என்றால் பரவாயில்லை. ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும். சங்கு ஏழு தடவை சின்னதாக, ஒரு தடவை நீளமாக ஊதினால், காட்டுகிற இடத்தில் போய் நிற்க வேண்டும். முதல் நாள் அதைப் பழக்கிக் காட்டுவார்கள். பயப்படக் கூடாது. அந்தச் சத்தம் எல்லாப் பாஷைக்காரருக்கும் ஒன்றுதான்.

“ரூமு சுத்தம் பண்றப்ப?” என்று கேட்டேன்.

“நம்மூரு ஆளுங்க படுக்கைய மடிச்சு, துண்டக் காயப்போட்டு, கூட்டிப் பெருக்காத கொறயா வெச்சிருப்பாங்க அம்மிணி. எனக்கு வேல மிச்சம்னு அவங்களுக்கு நெனப்பு. நான் மறுபடி எல்லாத்தையும் பிரிச்சுத்தான் விரிக்கணும். ஆனா அதப் பாத்தா எனக்கு நொம்ப நல்லா இருக்கும். யாரோ நம்மள நெனச்சிருக்காங்கன்னு இருக்கும்” என்றார்.

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அவர் வேலையைப் பற்றி இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. அறைகளைச் சுத்தம் செய்கிறார் என்று தெரியும். பதினெட்டு அறைகள் என்பது தெரியாது. ஆள் மாறுகிற நாளில் எந்த அறைக்கு எந்த நாட்டுக்காரர் வருகிறார் என்று தாளைப் பார்த்து மனப்பாடம் செய்வார் என்பதும், அவரவர் பாஷையில் வணக்கம் சொல்வார் என்பதும், பயணிகள் போகிற லிப்டில் அவர் போகக் கூடாது என்பதும் தெரியாது. இதையெல்லாம் நான் கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை. கேட்டால் அவர் அங்கே இருப்பது இன்னும் உறுதியாகிவிடும் என்று மனசுக்குள் ஒரு எண்ணம் இருந்திருக்குமோ என்னவோ.

அன்றிலிருந்து நானே அந்த அம்மாவின் கேள்விகளோடு என் கேள்விகளையும் சேர்க்க ஆரம்பித்தேன். அங்கே காலையில் வெளிச்சம் எப்படி வருகிறது என்று அந்த அம்மா கேட்கச் சொன்னார் என்றேன். தன் அறைக்கு ஜன்னலே இல்லை, தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது என்று அப்போதுதான் சொன்னார்.

சம்பந்தியம்மாவிடம் என்ன சொல்வது என்ற கேள்விக்கு, பேசி விளங்காது, பதிவு செய்து அனுப்புகிறேன் என்றார். மறுநாள் நாலைந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. காலை வணக்கம், மாலை வணக்கம், நன்றி, மன்னிக்கவும். இத்தாலியப் பாஷையில் ‘ப்ரேகோ’ என்று ஒரு வார்த்தை. வாங்க, உக்காருங்க, எடுத்துக்குங்க, பரவால்லீங்க எல்லாத்துக்கும் அது ஒன்றே போதும் என்று தமிழில் விளக்கமும் சொல்லியிருந்தார். கடைசியாக ஜெர்மன் பாஷையில் ஒரு கேள்வி: நன்றாகத் தூங்கினீர்களா?

அந்த அம்மா மறுபடி வந்தபோது இருவரும் அதைப் போட்டுக் கேட்டோம். கடைக்குள் என் கணவரின் குரல், எங்களுக்குத் தெரியாத பாஷையில்.

“காலைல பாத்தா ‘கூட்டன் மோர்கன்’ சொல்லணுங்களாம்மா.”

“கூட்டும் மோரும்” என்றார் அந்த அம்மா. “அப்படியே ஞாபகம் வெச்சிக்கறேன். அந்தத் தூங்குனீங்களாங்கறத இன்னொரு வாட்டி போடு.”

‘ஹாபென் ஸீ கூட் கெஷ்லாஃபென்?’ பத்துத் தடவைக்கு மேல் போட்டோம். அவர் தாளில் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டார். நாக்கு புரளாமல் திரும்பத் திரும்பச் சொன்னார். தைலம் வாங்க வந்த ஒரு குடும்பம் எங்களைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வெளியே நின்றது.

அவர் பஸ் ஏறிப் போன பிறகு நான் தனியாக அதைக் கேட்டேன். மெதுவான குரல். அவசரமில்லாத, இதமான குரல். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது போலக் கடைசியில் கொஞ்சம் மேலே ஏறி நிற்கிறது. அந்தக் குரலை எனக்குத் தெரியாது. என்னிடம் பேசும்போது அவர் குரல் வேகமாக இருக்கும், பாதி வார்த்தையை விழுங்கிவிடும். ஊருக்கு வந்திருக்கும்போதும் அப்படித்தான்.

சாயங்காலம் போனில் கேட்டேவிட்டேன். “தெனமும் பதினெட்டு ரூமுல தூங்குனீங்களான்னு கேக்கறீங்க. என்னைய ஒரு நாளாவது கேட்டிருக்கீங்களா?”

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தேன். முடிக்கும்போது விளையாட்டாக இல்லை. அவர் என்னமோ சொல்ல வந்தார். அதற்குள் லைன் போய்விட்டது. மறுநாள் காலையில் ஒரு மெசேஜ் இருந்தது. ‘அம்மிணி, நல்லாத் தூங்குனியா?’ அவ்வளவுதான். நாலு விநாடி. தமிழில் இருந்தாலும் அதே மெதுவான குரல். கதவுக்கு வெளியே நின்று கேட்கிற குரல். அது வந்ததற்குச் சந்தோஷப்படுவதா, அந்தக் குரலில் வந்ததற்கு வருத்தப்படுவதா என்று தெரியாமல், அன்று பூராவும் மிளகைத் தப்புத் தப்பாக நிறுத்துக்கொண்டிருந்தேன்.

புறப்படுவதற்கு இரண்டு வாரம் இருக்கும்போது அந்த அம்மா, மகள் அனுப்பிய பயண அட்டவணையைக் கொண்டுவந்தார். கப்பல் எந்தக் கிழமை எந்த ஊரில் நிற்கும் என்று அதில் இருந்தது. என் கணவரின் கப்பல் வாராவாரம் ஒரே ஊர்களைச் சுற்றி வரும். அந்த ஊர்ப் பெயர்கள் எனக்குச் சேலம் பஸ் நிற்கும் இடங்கள் போல மனப்பாடம். செவ்வாய்க்கிழமை நேப்பிள்ஸ். அவர் நாப்போலி என்பார். அந்தத் தாளிலும் செவ்வாய்க்கிழமைக்கு நேராக அதே ஊர் இருந்தது.

விரலை அதன்மேலேயே வைத்துக்கொண்டு இருந்தேன். அந்த அம்மா, “என்ன கண்ணு?” என்றார். சொன்னேன்.

“அப்ப நான் அவரப் பாக்கலாமா?”

“ரண்டு மணி நேரம் வெளிய விடுவாங்கம்மா. கேட்டுப் பாக்கறேன்.”

என் கணவர் கேட்டு, கூட வேலை செய்கிறவரோடு முறையை மாற்றிக்கொண்டார். துறைமுக வாசலில் பதினோரு மணிக்குச் சந்திப்பது என்று முடிவானது. அந்த அம்மாவின் செடியில் வந்த கொட்டையையே எடுத்து, கொஞ்சம் கூடுதலாக வறுத்து, அவருக்குப் பிடித்த மாதிரி அரைத்து, அரைக் கிலோ கட்டினேன். இரண்டு உறை போட்டு ஒட்டியும் வாசம் வந்தது. கொடுக்கும்போது இன்னொன்றும் கேட்டுக்கொண்டேன்.

“அவர நல்லாப் பாத்துட்டு வாங்கம்மா. எளச்சிருக்காரா, எப்படி நடக்கறாரு, எல்லாம்.”

வீடியோவில் பார்ப்பதில்லையா என்றார். பார்ப்பதுதான். முகம் தெரியும், சட்டைக் காலர் தெரியும். தலை முதல் கால் வரை ஆளைப் பார்த்து ஏழு மாதமாகியிருந்தது. என் கண் போக முடியாத இடத்துக்கு இன்னொருத்தர் கண் போகப் போகிறது. அதில் பொறாமை இல்லை என்று சொன்னால் பொய்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் அவரிடமிருந்து மெசேஜ் வந்தது. முறை மாற்றிக்கொண்டவருக்குக் காய்ச்சல். கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போதும் குறிப்பிட்ட ஆட்கள் உள்ளேயே இருக்க வேண்டும், அது சட்டம். அவர் இறங்க முடியாது. ‘அந்தம்மாகிட்டச் சொல்லிரு’ என்று இருந்தது. அந்த அம்மாவின் மகள் நம்பருக்கு விஷயத்தை அனுப்பிவிட்டு உட்கார்ந்தேன். யார்மேலும் கோபப்பட வழியில்லை.

மத்தியானம் மூன்று மணி வாக்கில் மகள் நம்பரிலிருந்து போன் வந்தது. பேசியது அந்த அம்மா. காற்று இரைச்சலுக்கு நடுவே கத்திக் கத்திப் பேசினார்.

“கண்ணு, அந்தக் கப்பலு எங்க கப்பலுக்குப் பக்கத்துலயே நிக்குது! நடுவுல கொஞ்சம் தண்ணிதான். நாங்க மேல வந்து நிக்கறோம். அவர எங்கயாவது வந்து நிக்கச் சொல்லு!”

கையில் இருப்பது ஒரே போன். அழைப்பை வைக்காமலே அவருக்கு மெசேஜ் அடித்தேன். மேல வந்து நில்லுங்க, அந்தம்மா எதிர்ல நிக்கறாங்க. பதில் வரவில்லை. பார்த்தாரா என்றும் தெரியவில்லை. அந்த அம்மா விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். எவ்வளவு பெரிய கப்பல் கண்ணு, எத்தன ஜன்னலு, முன்பக்கம் கொஞ்சம் பேரு நிக்கறாங்க, எல்லாம் ஒரே மாதிரி சட்ட போட்டிருக்காங்க, எப்படித் தெரியும்.

அப்போது கடைக்கு ஒருவர் வந்து மிளகு என்ன விலை என்று கேட்டார். கையைக் காட்டி அவரை நிறுத்திவைத்தேன்.

“கண்ணு! ஒருத்தரு துண்டு வீசறாரு. வெள்ளத் துண்டு. நம்ம பக்கமாத்தான் வீசறாரு.”

“அவருதாங்கம்மா.” எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அறைகளுக்குத் துண்டு வைக்கிறவர் கையில் துண்டுதானே இருக்கும்.

“நானும் வீசறேன். இவரும் வீசறாரு. இங்க பாரு, சம்பந்தியம்மா தொப்பியக் கழட்டி வீசறாங்க. எதுக்குன்னே அவங்களுக்குத் தெரியாது!”

“ஆளு எப்படிங்கம்மா இருக்காரு?”

“இங்கருந்து மூஞ்சி தெரியல கண்ணு. நிக்கறாரு. நல்லா நேரா நிக்கறாரு.”

அதற்குள் அவரை யாரோ கூப்பிட்டிருக்க வேண்டும். உள்ளே போய்விட்டார் என்றார் அந்த அம்மா. எல்லாம் சேர்த்து இரண்டு நிமிஷம் இருக்கலாம். போனை வைத்துவிட்டுக் காத்திருந்தவருக்கு மிளகு கொடுத்தேன். எனக்கு உடம்பு சரியில்லையா என்று அந்த மனிதர் கேட்டார்.

ஐப்பசியில் அவர்கள் திரும்பி வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் முடித்து நேராகக் கடைக்கு வந்தார்கள். ரைட்டர் ஐயா கொஞ்சம் வாட்டமாக இருந்தார். அவர் தன் இங்கிலீஷை நம்பிப் போனவர். சாப்பாட்டு மேஜையில் இருந்த யாருக்கும் இங்கிலீஷ் சரியாக வரவில்லை என்பது அவருக்குப் பெரிய ஏமாற்றம். அந்த அம்மாவோ கடல் காற்றில் கறுத்து, களையாக இருந்தார்.

“கூட்டும் மோரும் சொன்னனே கண்ணு, மொத நாளு காலைலயே. அப்புறம் தூங்குனீங்களான்னு கேட்டேன். சம்பந்தியம்மா அப்படியே நின்னுட்டாங்க. கண்ண விரிச்சுப் பாத்தாங்க. அப்புறம் பேச ஆரம்பிச்சாங்க பாரு! கால் மணி நேரம். கேக்கறதுக்குச் சொல்லிக் குடுத்தீங்க. அவங்க பதில் சொன்னா என்ன பண்றதுன்னு சொல்லலயே. நான் பாட்டுக்குச் சிரிச்சிட்டுத் தலயாட்டிட்டே இருந்தேன்.”

தினமும் காலையில் அப்படியே நடந்திருக்கிறது. இவர் கேட்பார், அவர் பேசுவார், இவர் சிரித்துத் தலையாட்டுவார். நாலாம் நாள் மகள் பக்கத்தில் இருந்திருக்கிறாள். அம்மா, அவங்க என்ன சொல்றாங்கன்னு தெரிஞ்சுதான் சிரிக்கறியா என்று கேட்டிருக்கிறாள். தூங்கவே இல்லை, கணவர் விழுந்த நாளிலிருந்து ஒரு இரவும் சரியாகத் தூங்கியதில்லை, அவர் மூச்சைக் கேட்டுக்கொண்டே படுத்திருக்கிறேன், இதை மகனிடம்கூடச் சொன்னதில்லை என்று சம்பந்தியம்மா சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

“எனக்கு உசுரே போயிருச்சு. மறுநாளு என்ன சொல்றதுன்னு தெரியல. ஆனா கேக்காம உட முடியுமா? கேட்டேன். அவங்க பேச ஆரம்பிச்சதும் கையப் புடிச்சுக்கிட்டேன். சிரிக்கல. அவ்வளவுதான் நான் பண்ணுனது. எறங்குற அன்னைக்கு அவங்கதான் என்னக் கட்டிப் புடிச்சு அழுதாங்க.”

பிறகு அந்த அம்மா சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு, “உன்கிட்ட ஒண்ணு சொல்லணும் கண்ணு. அந்தக் காப்பித்தூளு…” என்று நிறுத்தினார்.

அவர்கள் அறையைப் பார்த்துக்கொண்டவர் பிலிப்பைன்ஸ் நாட்டுப் பெண்மணி. நாற்பது வயசு இருக்கும். ஊரில் மூன்று பிள்ளைகள். என் கணவர் சொன்னதைக் கேட்டுவிட்டும் அந்த அம்மாவால் படுக்கையை மடிக்காமல் இருக்க முடியவில்லை. அந்தப் பெண்மணி தினமும் அதைப் பார்த்துச் சிரிப்பாராம். கடைசி நாள் காலையில், பையில் இருந்த காப்பித்தூளை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டார். அவர் உறையை மூக்கருகே பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டு நின்றாராம். பிறகு குனிந்து, அந்த அம்மாவின் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாராம். பெரியவர்களுக்கு அவர்கள் ஊரில் அப்படிச் செய்வார்களாம்.

“உங்க ஊட்டுக்காரருக்குத்தான் குடுக்க முடியல. அந்தப் புள்ளயப் பாத்தா அவரு ஞாபகமாவே இருந்துச்சு. தப்பா கண்ணு?”

“இல்லீங்கம்மா” என்றேன். ஆனால் அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. திருப்பிக் கொண்டுவந்திருக்கலாமே என்று நினைத்தேன். அவருக்கென்று நான் வறுத்தது. அவருக்குப் போய்ச் சேரவில்லை என்றால் என்னிடம் வந்திருக்க வேண்டும். யாரோ ஒருத்தி வாசம் பிடித்தாள் என்று கேட்க எனக்கு நன்றாக இல்லை.

சாயங்காலம் அவரிடம் முறையிட்டேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “பாவம், எப்படிப் போட்டுக் குடிச்சிருக்கும்? எங்க ரூமுகள்ல அடுப்புக் கெடையாதே. வடிகட்டவும் ஒண்ணும் இருக்காது” என்றார். அவருக்கு அதுதான் கவலை. அப்புறம், “வாசம் புடிக்கவே போதும் அம்மிணி” என்றார். அந்தக் குரல் வேகமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை. அப்படி ஒரு குரலும் அவரிடம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை.

மார்கழியில் அவர் வந்தார். விமானம் இறங்கிச் சேலம் வந்து, குப்பனூர் வழியாக டாக்சி பிடித்து மலை ஏறிவந்தார். உண்மையிலேயே இளைத்திருந்தார். வீட்டில் முதல் ஒரு வாரம், உள்அறைக்குள் வருவதற்கு முன் கதவை இரண்டு முறை தட்டினார். பாப்பா விழுந்து விழுந்து சிரித்தாள். நான் நடந்துவந்தால் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டார். சாப்பிட்ட தட்டை நான் எடுத்தால் நன்றி சொன்னார். நம்ம ஊடுங்க இது என்று எத்தனை தடவை சொன்னேன். தெரியும், தெரியும் என்பார். அது சரியாகப் போய், சத்தம் போட்டுப் பேசி, பாதி வார்த்தையை விழுங்கிக்கொண்டு, துண்டைக் கட்டில்மேல் ஈரமாகப் போட்டுவிட்டுப் போகிற பழைய ஆளாக அவர் ஆனபோது தை முடிந்திருந்தது. அடுத்த கப்பலுக்கு அழைப்பும் வந்துவிட்டது.

இந்த முறை போவதற்கு முன் ஒன்று சொன்னார். பல வருஷம் வேலை செய்தவர்களின் மனைவி சில வாரம் கப்பலில் வந்து தங்கிக்கொள்ள இப்போது அனுமதி கொடுக்கிறார்களாம். பாப்பா பரீட்சை முடியட்டும், அவளை அம்மா வீட்டில் விட்டுவிட்டு நீ வா, பாஸ்போர்ட் எடுத்து வை என்றார். வருகிறேன் என்று உடனே சொல்லிவிட்டேன். அவர் பகல் முழுக்க வேலையில்தான் இருப்பார், நான் ஜன்னலில்லாத அறையில் காத்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான் என்பதும் தெரியும். காத்துக்கொண்டு இருப்பது எனக்குப் புதிதல்ல. அங்கே என்றால், அவர் வந்து சேர ஒரு படிக்கட்டு ஏறி இறங்கும் நேரம்தான்.

போன வாரம் பாஸ்போர்ட் விசாரணைக்கு ஸ்டேஷனிலிருந்து ஒரு போலீஸ்காரர் கடைக்கு வந்தார். விலாசத்தைச் சரிபார்த்தார், பக்கத்துக் கடைக்காரரிடம் கையெழுத்து வாங்கினார். எல்லாம் முடிந்து பேனாவை மூடும்போது, “எந்த நாட்டுக்குங்கம்மா போறீங்க?” என்று கேட்டார்.

எந்த நாடு என்று சொல்வது? வாராவாரம் நாலு நாடு. “கப்பலுக்குங்க” என்றேன்.

“கப்பல் எங்க போவுது?”

“அது போயிட்டே இருக்குமுங்க. எங்க ஊட்டுக்காரரு அதுல இருக்காரு.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, சரிங்கம்மா என்று பைக்கை எடுத்துக்கொண்டு போனார். பாஸ்போர்ட் இன்னும் வரவில்லை. தபால்காரர் எங்கள் தெருவுக்குப் பன்னிரண்டு மணிக்கு மேல் வருவார். பதினொன்றரையிலிருந்தே நான் வெளியே பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.